உண்டிச்சாலை உலா

நம் கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியைத் தவறாது படித்து வருவோர் ஒன்றை அறிவர். பழைய மாணவர் யாரேனும் எழுதும் கட்டுரையில் ஆசிரியப் பெருமக்களைப் பற்றி ஒரு பத்தியும் விளையாட்டு மைதானத்தைப் பற்றி ஒரு பத்தியும் வருமாயின், உண்டிச்சாலைகளைப் பற்றி மூன்று பத்திகளேனும் வந்தே தீரும். அந்நாளிற் கடைவீதியில் உண்ட நெய்த் தோசையின் மணம் இன்னும் தம் விரல்களை விட்டு நீங்கவில்லை என்பார் ஒருவர். அந்தச் சாம்பாருக்கு நிகரான சாம்பாரைப் பின்னர்ச் சென்னையிலும் கண்டிலேன், சிங்கப்பூரிலும் கண்டிலேன் என்பார் மற்றொருவர். இருவரும் முடிவில் ஓரிடத்தில் வந்து நிற்பர். பழைய ருசி போய்விட்டது. இனி அது வாராது.

இக்கூற்று மெய்தானோ என்று சோதித்தறிய யானும் என் நண்பரொருவரும் புறப்பட்டோம். யாங்களிருவரும் இக்கல்லூரியில் ஒரே வகுப்பிற் பயின்று, விடுதியில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டு, பின்னர்ப் பிழைப்பின் பொருட்டுச் சேலத்தில் வந்து தங்கியவர்கள். அவர் மின்சார வாரியத்திற் பணி புரிகின்றார். யான் பள்ளி ஆசிரியன். சனிக்கிழமைதோறும் மாலையில் அவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொள்வோம். பெட்ரோல் அவருடையது, பலகாரச் செலவு என்னுடையது என்பது உடன்படிக்கை. குளிர்சாதன அறையுள்ள இடத்தினுள் நுழைவதில்லை என்பது விதி. இரண்டு ஆண்டுகளாக இவ்வுலா நடைபெற்று வருகின்றது. என் உடலெடை கூடியதைத் தவிர வேறு பயன் உண்டாயிற்றா என்று என் இல்லத்தார் கேட்பதுண்டு. இவ்வியாசம் அவர்களுக்கும் ஒரு விடையாகுக.

நண்பரிடத்து ஒரு பழக்கம் உண்டு. எங்கே தேநீர் அருந்தினும், 'கண்ணாடி கிளாஸ்ல குடுங்க' என்று சொல்லி, அது கழுவி வருமளவும் காத்து நிற்பார். கண்ணாடி இல்லையென்றால் தேநீரே வேண்டாமென்று திரும்பிவிடுவார். இதனை யான் அவருடைய நாவின் நுட்பம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். 'காகிதக் கோப்பையில் மெழுகு நாறும். அவருக்கு ஆகாது' என்று, அவர் சார்பில் யானே கடைக்காரர்களுக்கு விளக்கம் கூறியதும் உண்டு. அவ்விளக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் அவர் ஒன்றும் பேசாது சிரித்துக் கொள்வார்.

சேலத்து மாலைப்பொழுதிலிருந்து தொடங்குதல் முறை. ஐந்து மணிக்கு மேற் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டைத் தெருக்களிற் சிறு கடைகளும் தள்ளுவண்டிகளும் விளக்கேற்றிக் கொள்ளும். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலிருந்தும் தறிக் கூடங்களிலிருந்தும் வெளிவருவோர் அவற்றைச் சூழ்ந்து நிற்பர். அங்கே விற்கப்படுவது தட்டுவடை செட். அரிசிமாவைத் தட்டிப் பொரித்த மொறுமொறுப்பான சிறுவட்டம் ஒன்றின்மேற் காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட்டும் காரட்டும் நறுக்கிய வெங்காயமும் வைத்து, மற்றொரு வட்டத்தால் மூடிக் கொடுப்பர். இதனைக் கடித்து உண்ண முயல்வோன் சட்டையைக் கறைப்படுத்திக் கொள்வான். முழுவதையும் ஒரே வாயிற் போட்டுக் கொள்வதே வழக்கறிந்தோர் செயல். பற்றாதவர்க்கு நொறுக்கல் உண்டு; அதே பண்டங்களை நொறுக்கிப் பிசைந்து தருவது. மற்ற ஊரார் இதனைக் கேலி செய்வர். அவர்கள் உண்டு பார்த்ததில்லை என்பதே என் அபிப்பிராயம்.

அக்கடைகளிற் பலகை இல்லை, நாற்காலி இல்லை, அறை இல்லை. பட்டறைத் தொழிலாளியும் வங்கி எழுத்தரும் மூட்டை சுமப்பவரும் கல்லூரிப் பெண்களும் தட்டைக் கையிலேந்தித் தெருவிலே நிற்கின்றனர். இருக்கையே இல்லாதவிடத்து யார் எங்கே அமர்வது என்னும் வினாவும் இல்லை. இதனை யான் அப்பொழுது ஒரு வேடிக்கையாகவே குறித்துக் கொண்டேன். அதன் பொருள் பின்னரே விளங்கிற்று.

இராசிபுரம் நெய்க்குப் பேர்போன ஊர். ஆண்டகளூர் கேட்டில் நாமக்கல் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பினால் அவ்வூருக்குச் செல்லலாம். அங்கே சந்து ஒன்றில் முதியவர் ஒருவர் நடத்தும் சிற்றுண்டிச்சாலை எங்களுக்கு மிகவும் உகந்ததாயிற்று. தோசையின்மேல் அவர் நெய்யை ஊற்றுவதில்லை. கரண்டியின் பின்புறத்தால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இழுத்து வருகின்றார். நெய் உள்ளே இறங்கியபின் தோசை ஓலைபோற் கலகலக்கின்றது. அவருடைய தந்தையார் தொடங்கிய கடை அது. பழைய மாணவர்கள் மலரிற் புகழும் ருசி இதுவே என்று யான் நண்பரிடம் கூறினேன். சோதனை முடிந்தது, பழைய ருசி போய்விடவில்லை என்று தீர்ப்பும் வழங்கினேன்.

பெரியவர் அதனைக் கேட்டு மகிழ்ந்து, கடையின் வரலாற்றைச் சொல்லத் தலைப்பட்டார். நடுவில் நிற்கும் தூணைக் காட்டினார். அத்தூணிலிருந்து சுவர்வரையிலும் முன்னர் ஒரு பலகைத் தடுப்பு இருந்ததாம். 'தடுப்புக்கு அந்தப்புறம் அவங்க சாப்பிடுவாங்க, இந்தப்புறம் மத்தவங்க. எங்கப்பா காலத்துல அப்படித்தானுங்க' என்றார். உடனே என் நண்பர், 'ரெண்டு புறமும் வராதவங்க?' என்று வினவினார். பெரியவர் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே, 'அவங்களுக்குப் பின்பக்கம் சன்னல் ஒண்ணு இருந்துச்சுங்க. இப்ப அடைச்சாச்சு' என்றார். அவர் மறைக்கவும் இல்லை, வருந்தவும் இல்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோற் சொன்னார்.

அன்று நெய்த் தோசை உண்ட ஊருக்கும் இவ்விஷயத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு 1887இற் பிறந்தது இராசிபுரத்தில். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திவந்த குருகுலத்தில் இரு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவிடப்பட்டதென்னும் செய்தி வெளிப்பட்டு, 1924, 1925ஆம் ஆண்டுகளிற் பெருங்கிளர்ச்சி மூண்டது. பெரியாரோடு சேர்ந்து அதனை முன்னின்று எதிர்த்தவர்களுள் இந்த இராசிபுரத்தார் தலையாயவர். பொது மக்கள் பொருளால் நடைபெறும் கல்விச் சாலையில் இரண்டு பந்திகள் ஆகுமா என்பதே வழக்கு. நூறாண்டுக்கு முன் தமிழ்நாட்டுக் காங்கிரசையே பிளக்கத்தக்க வினாவாக அது இருந்தது. சோறும் இலையும் சிறிய விஷயமென்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்க.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. புகைவண்டி நிலைய உண்டிச்சாலைகளிற் பிராமணர்க்கெனத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல் ஒழிந்தது. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உண்டிச்சாலைகளிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தலாகாது என்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 1955இல் இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றச் சட்டமோ இன்னும் ஒரு படி கீழிறங்கிப் பாத்திரத்தையும் தொட்டுப் பேசுகின்றது. உண்டிச்சாலையில் வைக்கப்பட்டுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த ஒருவரைத் தடுப்பதும் குற்றமென்று அதன் 4ஆம் பிரிவு கூறும். சட்டம் இயற்றியோர் நாட்டை அறிந்தவர்கள். வாயிலைத் திறந்துவிட்டாற் போதாது, குவளையிலும் ஒரு வாயில் உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வரலாறு இவ்வளவோடு நிற்க. நாமக்கல்லுக்குச் செல்வோம்.

1997 ஜனவரி 1 வரையிலும் சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்த நாமக்கல் இன்று இரண்டு பொருள்களால் இந்தியா முழுவதும் அறியப்படுகின்றது. ஒன்று லாரி, மற்றொன்று முட்டை. நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் இந்நிலத்தினின்றும் புறப்பட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவுத் தட்டுக்கும் கடல் கடந்தும் செல்கின்றன. முட்டை விளையும் ஊரில் முட்டையை எவ்வாறு சமைக்க வேண்டுமென்பதை அறிந்திருப்பர் அன்றோ? அங்கே யாங்கள் தேடிச் சென்றது கலக்கி. முட்டையை உடைத்து உப்பும் மிளகும் சிறிது சால்னாவும் சேர்த்து அடித்துக் கல்லில் ஊற்றி, முற்றும் வேகுமுன்னரே நான்கு புறமும் மடித்து எடுத்துவிடுவர். உள்ளே இளகியும் வெளியே தாங்கியும் நிற்கும் அதன் பதம் ஒரு கணத்தில் வருவது, மறுகணம் போய்விடுவது. உரையாடிக்கொண்டே கலக்கி போடும் மாஸ்டரை நம்புதல் கூடாது.

ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வழியே போகின்றது. ஆதலின் இரவு பத்து மணிக்கு மேல் அச்சாலையோர உண்டிச்சாலைகளின் நீண்ட பலகைகளில் அமர்வோர் இன்ன நாட்டார் என்று சொல்ல இயலாது. ஒரு நாள் எங்களுக்கு வலப்புறம் தலைப்பாகை அணிந்த பஞ்சாபியர் ஒருவர் புரோட்டாவைச் சால்னாவில் நனைத்துக் கொண்டிருந்தார். இடப்புறம் தெலுங்கு பேசுவோர் இருவர் அரை வேக்காடு முட்டைக்குக் காத்திருந்தனர். யார் எவர் என்று கேட்பார் இல்லை. கேட்டாலும் விளங்கப் போவதில்லை. இலை ஒன்று, தண்ணீர்ச் செம்பு ஒன்று, விலை ஒன்று. யான் உள்ளம் பூரித்து, 'பார்த்தாயா! சமத்துவம் சட்டத்தாலும் பிரசங்கத்தாலும் வந்ததன்று. லாரியால் வந்தது' என்றேன். நண்பர், 'இங்கே நம்மை யாருக்கும் தெரியாதப்பா' என்று மட்டும் கூறி, மற்றொரு கலக்கிக்குச் சொன்னார்.

அச்சொல்லை அன்று யான் எடைபோட்டுப் பார்க்கவில்லை.

பள்ளிபாளையத்தைப் பற்றி விரித்தால் வியாசம் நீளும்; விடுத்தால் அவ்வூரார் பொறார். காவிரிக்கு அக்கரையில் ஈரோடு, இக்கரையிற் பள்ளிபாளையம். அவ்வூர்ப் பெயரையே தாங்கி நிற்கும் கோழி வறுவலுக்கு மசாலாப் பொடி வேண்டா. சின்ன வெங்காயம், விதை நீக்கிய வர மிளகாய், பல்லுப் பல்லாய் நறுக்கிய தேங்காய், எண்ணெய், உப்பு, இவ்வளவே. கோழியின் நீரிலேயே கோழி வேகும். மிளகாயை ஒதுக்கி வைத்துவிட்டு உண்ண வேண்டுமென்பதை யான் அறிந்திலேன். இரண்டு மிளகாயைத் தேங்காய்த் துண்டு என்று எண்ணி மென்றுவிட்டுக் கண்ணீர் சொரிந்தபோது, கடைக்கார அம்மையார் வெல்லக் கட்டி ஒன்றை என் கையில் வைத்து, 'பாத்துச் சாப்பிடுங்க கண்ணு' என்றார். நண்பர் அடுத்த மூன்று வாரமும் அதனைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சென்ற ஆனித் திங்களில் நண்பருடைய தங்கையின் பெண் குழந்தைக்குக் காது குத்து. திருச்செங்கோட்டு மலை வானத்திற் சிறு நிழலாய்த் தெரியும் தொலைவிலுள்ள ஊர் அவருடையது. என்னையும் அழைத்துச் சென்றார். போகும் வழியிற் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தைக் கண்டோம். இராஜாஜி 1925இல் அதனை நிறுவி, தாம் குடும்பத்தோடு அங்கே குடிசையில் வாழ்ந்தார். தாழ்த்தப்பட்டோர் உட்படப் பல சாதியாரும் அங்கே கூடி வாழ்ந்தனர். இந்நிலத்திற்கு இவ்விஷயம் புதிதன்று என்பதற்காகவே இதனைக் குறிக்கின்றேன்.

நண்பர் வீட்டு விருந்து பெரிது. உண்ட மயக்கந் தீர எனக்குத் தேநீர் வேண்டியிருந்தது. ஊர் முகப்பிலே வேப்பமரத்தடியில் ஒரு தேநீர்க் கடையைக் காலையிற் பார்த்திருந்தேன். 'உலாவுக்கு வந்த இடத்தில் உள்ளூர்க் கடையை விடலாமா?' என்றேன். 'டீ வீட்டிலேயே போடச் சொல்கிறேன்' என்றார் நண்பர். யான் விடவில்லை. விடாதது என் பிழை. அதைவிடப் பெரிய பிழை இனி வருவது.

கடைக்காரர் நல்ல மனிதராகவே தோன்றினார். என்னைக் கண்டதும் தோளிற் கிடந்த துண்டால் பலகையைத் துடைத்து, 'வாங்க சார், உக்காருங்க' என்றார். நண்பரைப் பார்த்து, 'எப்ப வந்தீங்க தம்பி? பாப்பாவுக்குக் காது குத்தா?' என்று அன்போடு விசாரித்தார். நண்பர் நின்றுகொண்டே, 'கிளாஸ்ல குடுங்கண்ணா' என்றார். 'கிளாசெல்லாம் கழுவாமக் கெடக்குது தம்பி' என்று சிரித்த முகத்தோடு கூறி, அவர் தேநீரை ஆற்றினார். ஆற்றி, எனக்குக் கண்ணாடிக் குவளையிலும் நண்பருக்குக் காகிதக் கோப்பையிலும் ஊற்றினார். மேசையின்மேல் நான்கு கண்ணாடிக் குவளைகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றினின்றும் நீர் சொட்டிக் கொண்டிருந்தது.

யான் அதனைக் கண்டேன். கண்டதன் பொருளும் அக்கணமே எனக்கு விளங்கிற்று. விளங்கியும், என் கையிலிருந்த குவளையை வாயிற் கொண்டுபோய் அருந்தினேன். சொல்ல வேண்டிய சொல் நாவில் வந்து நின்றது. ஊர் புதிது, கடைக்காரர் பெரியவர், காது குத்து நாள், சண்டை எதற்கு என்று நான்கு நியாயங்கள் அதற்கு முன் வந்து நின்றுவிட்டன. தேநீரை அடிவரையிற் குடித்து முடித்தேன். அது நன்றாகவே இருந்தது. அதனை மறைக்க விரும்பவில்லை. நண்பர் தம் கோப்பையை வேப்பமரத்தின் வேரிற் கவிழ்த்துவிட்டு, இரண்டு தேநீருக்கும் காசை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார்.

மாலையிற் சேலத்துக்குத் திரும்பும்போது சங்ககிரி தாண்டுமளவும் இருவரும் பேசவில்லை. பின்னர் அவரே தம் பாட்டனாரைப் பற்றிச் சொன்னார். பாட்டனார் கிணறு வெட்டுபவர். அவ்வூரிற் பாதிக் கிணறுகள் அவர் கை பட்டவை. அக்கடை கூரைக் கடையாயிருந்த காலத்தில், அவருடைய அலுமினியக் குவளை கூரையின் இறவாணத்திற் செருகப்பட்டிருக்கும். தாமே எடுத்து, தாமே நீட்டி, மேலிருந்து ஊற்றும் தேநீரைக் குடித்து, தாமே கழுவித் திரும்பவும் செருகிவிட வேண்டும். அவருக்கு முன்னிருந்தோர்க்கு அந்தக் குவளையும் இல்லை, கொட்டாங்குச்சி. கூரை போய்த் தகரம் வந்தபோது செருகுவதற்கு இடமில்லாமற் போயிற்று. சில ஆண்டுக்குப்பின் காகிதக் கோப்பை வந்தது. அதனால் எல்லார்க்கும் வசதியாயிற்று. குவளை இரண்டென்று யாரும் வழக்குத் தொடுக்க முடியாது. கேட்டால் சுகாதாரம் என்று சொல்லிவிடலாம்.

'பாட்டனார்க்கு டீ என்றால் சேலம் டீதான்' என்றார் நண்பர். மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு முறை சேலம் வந்திருந்த அவர், கடைவீதியில் ஓர் உண்டிச்சாலைக்குள் அஞ்சி அஞ்சி நுழைந்தாராம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக் குவளையிலே தேநீர் வந்தது. அதன்பின் சாகுமளவும், மாதத்திற்கு ஒரு முறை பேருந்து ஏறி வந்து அங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவாராம். ஊரார் கேட்டால், 'சேலத்து டீ மாதிரி வராதப்பா, அந்த ருசியே வேற' என்பாராம்.

பழைய மாணவ அன்பர்களே! பழைய ருசியைப் பற்றி உங்களோடு வழக்காட வந்த யான், இதைக் கேட்டபின் வழக்கையே மாற்றிக்கொள்ள வேண்டியவனாயினேன். நெய் அப்படியே இருக்கின்றது. தோசைக்கல் அப்படியே இருக்கின்றது. ருசி போய்விட்டதென்பது பெரும்பாலும் நம் நாவின் முதுமையே. ஆயின் அந்நாளைய உண்டிச்சாலைகளை நாம் புகழ்ந்து எழுதுமிடத்து, தூணுக்கு எந்தப்புறம் நாம் அமர்ந்தோம் என்பதை எழுதுவதில்லை. பின்பக்கத்துச் சன்னலை எழுதுவதில்லை. எழுதாமைக்குக் காரணம் வஞ்சகம் அன்று. நமக்கு அது தெரிந்ததே இல்லை. உள்ளே அமர்ந்து உண்டவனுக்குச் சுவை மட்டும் நினைவிருக்கும். வெளியே நின்றவனுக்குச் சுவையை விட நின்ற இடம் நினைவிருக்கும். நம் மலரில் இதுகாறும் வெளிவந்த உண்டிச்சாலை நினைவுகள் யாவும் உள்ளே அமர்ந்தோர் நினைவுகளே என்பது என் துணிபு. நம்மோடு பயின்றோருள் ஒரு சாரார் இப்பொருள் பற்றி ஏன் ஒருபோதும் எழுதவில்லை என்று யான் முன்னர்க் கேட்டதே இல்லை.

உணவைப் பற்றி மகிழ்ச்சியாக எழுதப் புகுந்தவன் இடையே சாதியை ஏன் இழுக்கின்றான் என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். யான் இழுக்கவில்லை, என் கைக்கு வந்த கண்ணாடிக் குவளை இழுத்து வந்தது. இதெல்லாம் ஏதோ ஒரு மூலையில் எஞ்சி நிற்கும் பழமை, தானே மறைந்துவிடும் என்பர் வேறு சிலர். 2023 செப்டம்பரில், காவிரிக்கு அக்கரையிலுள்ள கரூர் மாவட்டத்துப் பள்ளியொன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாதென்று பெற்றோர் சிலர் தடுத்தனர். மாவட்ட ஆட்சியரே நேரிற் சென்று அவ்வுணவை உண்டு காட்ட நேர்ந்தது. 2024 பிப்ரவரியில், முன்னர்ச் சேலத்தோடு சேர்ந்திருந்த தருமபுரி மாவட்டத்தில், தோட்ட வேலைக்கு வந்த பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் கொடுத்தோர் கைது செய்யப்பட்டனர். நண்பருடைய பாட்டனார்க்கு முன்னிருந்தோர் ஏந்திய அதே கொட்டாங்குச்சி! தானே மறைவதற்கு இதற்கு இன்னும் எத்தனை நாள் வேண்டுமோ?

காகிதக் கோப்பை எல்லார்க்கும் ஒன்றுதானே, அதனால் வேற்றுமை ஒழியும் அன்றோ என்னும் வாதத்தையும் யான் எண்ணிப் பார்த்தேன். நகரத்திலே அது பெரும்பாலும் மெய். நெகிழி பூசிய காகிதக் கோப்பையை 2019 ஜனவரி 1 முதல் நம் அரசு தடை செய்தும் அது ஒழிந்தபாடில்லை என்பது வேறு கதை. ஆயின் எல்லார்க்கும் அதுவே என்றிருக்குமிடத்துத்தான் அது சமத்துவம். கழுவிய கண்ணாடி பக்கத்திலே இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் காகிதம் நீட்டப்படுமாயின், அஃது உருமாறிய கொட்டாங்குச்சியே. நகரத்துப் பலகையின் சமத்துவத்தையும் நாம் மிகைபடப் புகழ்தல் தகாது. அது நம்மை யாருக்கும் தெரியாமையால் வந்தது. பஞ்சாபியரும் பாட்டனாரும் அதனாலேயே அங்கே குவளை பெற்றனர். தெரிந்தவர் கடையிலே, பெயரும் தெருவும் பாட்டன் தொழிலும் அறிந்தவர் கையினின்றும், அதே குவளை வருமா என்பதே சோதனை. அச்சோதனையிற் கடைக்காரர் தவறினார். யானும் தவறினேன்; அவரைக் காட்டிலும் படித்தவனாகிய யான் தவறியது பெரிது.

இன்று உண்டிச்சாலைகளைச் சுற்றிப் பார்த்து, படம் பிடித்து, ருசிக்கு இத்தனை, விலைக்கு இத்தனை, தூய்மைக்கு இத்தனை என்று மதிப்பெண் இடும் இளைஞர் பலர். நம் மாணவருள்ளும் இருக்கின்றனர். அவ்வூக்கத்தை யான் குறை கூறேன், யானும் அவ்வழியினனே. அடுத்த முறை செல்லும்போது இன்னும் ஒன்றையும் குறித்துக் கொள்ளும்படி வேண்டுகின்றேன். அங்கே எத்தனை வகைக் குவளைகள் உள்ளன? எது யாருக்கு வருகின்றது? யார் நின்றுகொண்டு குடிக்கின்றார்? இதற்குச் சட்டப் புத்தகம் வேண்டா, கண் போதும். உடன் வந்த நண்பர் பலகையில் அமராமல் நிற்பாராயின், அவருக்கு நிற்பது பிடிக்குமென்று என்னைப்போல் முடிவு கட்டிவிட வேண்டா.

அடுத்த சனிக்கிழமை அவர் வருவாரோ என்று ஐயுற்றிருந்தேன். வழக்கம்போல் ஐந்து மணிக்கு வாயிலில் மோட்டார் சைக்கிள் ஒலித்தது. குகையிலே தட்டுவடை செட் உண்டோம். பக்கத்துக் கடையில் தேநீருக்கு நின்றபோது, அவர் வாய் திறக்குமுன் யானே 'ரெண்டும் கண்ணாடியில குடுங்க' என்றேன். பின்பு, பலநாள் மனத்திற் போட்டுப் புரட்டிய செய்தியைச் சொன்னேன். அவருடைய ஊருக்கு மறுபடி ஒரு முறை போக வேண்டும். அந்தக் கடையில் அன்று யான் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும்.

அவர் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே சற்று நேரம் பேசாதிருந்தார். 'போகலாம். ஆனால் எனக்காகச் சண்டை போட நீ வர வேண்டாம். அன்று டீ நன்றாயிருந்தது என்றாயே? முப்பத்தெட்டு வருஷம் அந்த ஊர்க்காரனாய் இருக்கிறேன். அந்த டீ கண்ணாடியில் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதைக் குடிக்கத்தான் போக வேண்டும்' என்றார்.

தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை போவதென்று வைத்திருக்கின்றோம். பெட்ரோல் அவருடையது.